‘என்னைத் திட்டுங்க அண்ணா!’

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. அப்போது நான் ஒரு கால் சென்டருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்து, தாம்பரம், பல்லாவரம் என்று ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, கீழ்க்கட்டளை வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஆபீஸில் கொண்டுபோய் விடவேண்டும். எல்லோரும் புதிதாகச் சேர்ந்து டிரெயினிங்கில் இருந்த பிள்ளைகள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைவிடப் பெரிய குறை, எதற்கெடுத்தாலும் பயம். பிரேக் பிடிக்குமா, டயர் தாங்குமா, யாராவது வந்து இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவார்களா என்று ஓயாத கவலை. சூப்பர்வைசர் கூப்பிட்டால் எதற்கென்று தெரிவதற்கு முன்பே எனக்கு வியர்த்துவிடும்.

முதலில் ஏறுகிறது கூடுவாஞ்சேரிப் பெண். வீட்டில் சண்டை போட்டு, ஒரு ஸ்கூல் ஆபீஸில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தவள். டிரெயினிங் முடிவில் ஒரு டெஸ்ட் உண்டு. டிரெயினர் போனில் கோபக்கார கஸ்டமர் மாதிரிக் கத்துவார், இவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்லவேண்டும். அதில் அவள் ஒரு தடவை தேறவில்லை. இன்னொரு தடவையும் தேறாவிட்டால் வேலை கிடையாது. பழைய இடத்திலும் ஆள் போட்டுவிட்டார்கள்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. சும்மா பேசினால் சரியாக வரும். யாராவது கத்தினால் போதும், ‘ஐ கேன் ஹெல்ப்’ என்பது ‘ஐ கேன் ஹெல்ப்பிங்’ ஆகிவிடும். கேன், வில், மஸ்ட் இதெல்லாம் முன்னால் வந்தால், பின்னால் வருகிற வார்த்தை ‘இங்’ என்கிற வாலில்லாமல் வரவேண்டுமாம். பதற்றத்தில் எங்கிருந்தோ ஒரு வால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் தாம்பரம் தாண்டும்போது என் சீட்டுக்குப் பின்னாலிருந்து, “அண்ணா, என்னைத் திட்டுங்க” என்றாள்.

“நானா? எதுக்கும்மா?”

“இவங்க திட்டினா எனக்கு சிரிப்பு வருது. நீங்கதான் கஸ்டமர். போன் வேலை செய்யல. தமிழ்லயே திட்டுங்க, நான் இங்கிலீஷ்ல பதில் சொல்றேன்.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏம்மா, போன் கொஞ்சம் சரியில்ல போலிருக்கே...” என்றேன். பின்சீட்டுப் பையன் ஒருத்தன், “அண்ணா, இது கஸ்டமர் இல்ல, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரு!” என்றான். வேனே குலுங்கியது.

போகப்போக எனக்கும் பழகிவிட்டது. “இன்னாம்மா, விளையாட்டு காட்றியா? போன் செத்துக் கீது, நீ சாரி சொல்லிக்கினு கீறே!” என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்துவேன். அவள், “சார், ஐ கேன் செக்கிங்...” என்று ஆரம்பித்து நிறுத்துவாள். “சாரி சார். ஐ கேன் செக்.” ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். தப்பு வந்த இடத்திலேயே நின்று, முழு வாக்கியத்தையும் திரும்பச் சொல்வாள்.

“அப்படியே பேசிட்டுப் போ, யாரும் கவனிக்க மாட்டாங்க” என்பார்கள் மற்றவர்கள்.

“நான் கவனிச்சுட்டேனே” என்பாள்.

டெஸ்ட் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து வெளியே வருவதற்குள்ளேயே நேரமாகிவிட்டது. கீழ்க்கட்டளை அருகே முன்னால் போன ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காகப் பட்டென்று நின்றது. நான் பிரேக் போட்டேன். பின்னால் வந்த கார் என் வேனில் இடித்தது.

கார்க்காரர் டை கட்டியிருந்தார். இறங்கி வந்தவர், நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வேன் சாவியை உருவிக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். இடித்தவர் அவர்தான். ஆனாலும் நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. எந்த நாளை நினைத்துப் பயந்துகொண்டே வண்டி ஓட்டினேனோ, அது வந்தேவிட்டது.

பிள்ளைகள் ஆட்டோ பிடித்தார்கள். “வாடி, உனக்கு டெஸ்ட்டு!” என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், கார்க்காரரைப் பார்த்தாள். “நீங்க போங்க. சாவிய வாங்கிக்கிட்டு வரேன்” என்றாள்.

“போம்மா, உன் வேலை போயிடும்” என்றேன். அதுகூடச் சத்தமாக வரவில்லை.

அவள் அவர் முன்னால் போய் நின்றாள். நம்பரை எழுதிக்கொள்ளலாம், ஆபீஸுக்குப் போன் செய்யலாம் என்றெல்லாம் இங்கிலீஷில் நிதானமாகத்தான் சொன்னாள். அவர் இன்னும் குரலை உயர்த்தினார். அவளுக்கு முகம் சிவந்தது. “பட் சார், யூ மஸ்ட் கிவ்விங் த கீ” என்றாள்.

அவர் சிரித்தார். “முதல்ல இங்கிலீஷ் கத்துக்கிட்டு வா” என்றார், தமிழில். சுற்றி நின்ற கூட்டத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நானாக இருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

அவள் ஒரு மூச்சு விட்டாள். “சாரி சார். யூ மஸ்ட் கிவ் த கீ” என்றாள். முதலில் சொன்ன அதே சத்தத்தில், ஒரு பொட்டுக்கூடக் குறையாமல். கையையும் நீட்டினாள்.

முன்னால் நின்றிருந்த ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து, “சார், அந்தப் பொண்ணு கரெக்டா சொல்லிட்ச்சு. நீயும் கரெக்டா குட்த்துடு” என்றார். இந்தத் தடவை கூட்டம் கார்க்காரரைப் பார்த்துச் சிரித்தது. சாவி அவள் கைக்கு வந்தது.

ஆபீஸ் போய்ச் சேரும்வரை நான் அன்றைக்குத் திட்டவில்லை. வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினாள். டெஸ்ட் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்கும். என்னால்தானே என்று வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், சாப்பிடக்கூடப் போகவில்லை.

மத்தியானத்துக்கு மேல் இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்னம்மா, போச்சா?”

“லேட்டா வந்ததுக்கே ஒரு டோஸ் விட்டாங்கண்ணா. கடைசி ஆளாத்தான் விட்டாங்க. டிரெயினர் பயங்கரமா கத்தினாரு. நானும் நிறைய தப்பு பண்ணேன்.”

“அப்புறம்?”

“அத்தனையையும் திருத்திச் சொன்னேன். தப்பு பண்ணாலும் போனை வைக்காம லைன்ல நிக்குற பொண்ணுன்னு சொல்லி வேலைக்கு எடுத்துக்கிட்டாரு.” சொல்லிவிட்டுத்தான் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஷிஃப்ட் மாறியது, வேறு வண்டிக்குப் போய்விட்டாள். இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. இன்றைக்கும் பாங்கிலோ ஆர்.டி.ஓ. ஆபீஸிலோ போய் நின்றால் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் முன்போல வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவதில்லை. சொல்ல வந்ததைச் சொல்கிறேன், பிசகினால் யார் சிரித்தாலும் அங்கேயே நின்று குரலைத் தாழ்த்தாமல் இன்னொரு முறை சொல்கிறேன்.