சிவப்புவாலும் ஒரு கேள்விக்குறியும்

இல்லை, அழவில்லை. பொறாமைப்பட்டேன்.

சுவிஸில், பீல் நகரத்து பஸ்ஸில் இருக்கும்போது செய்தி வந்தது. தர்ஷினி இறந்துவிட்டாள். முப்பத்தொரு வயது. இதயம். பாம்பு வளர்க்கும் நம் குழுவில் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அஞ்சலிகள் வந்துகொண்டே இருந்தன. எனக்கென்றால் இத்தனை பேர் எழுதமாட்டார்கள் என்று நினைத்தேன்.

நான் விலங்கியல் படித்தவள். அவள் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பாகங்கள் பூட்டியவள். ஆனாலும் நீங்கள் எல்லோரும் அவளிடம்தான் கேட்டீர்கள்.

நம் குழுவின் அந்தச் சந்திப்பு உங்களுக்கு நினைவிருக்கும். என் ஆண் போவாப் பாம்பின் பெயர் அட்டையில் 'சிவப்புவால்' என்று எழுதியிருந்தேன். இரண்டு இனங்களுக்கு நாம் அந்த ஒரே பெயரைத்தான் சொல்கிறோம்: சுரினாம் பக்கத்துக் கன்ஸ்ட்ரிக்டருக்கும், கொலம்பியாவிலிருந்து வரும் இம்பெரேட்டருக்கும்.

"இது எதடி?" என்றாள் தர்ஷினி.

"கன்ஸ்ட்ரிக்டர். வாலைப் பார்க்கத் தெரியேல்லையோ?"

"ரெண்டுக்கும் வால் சிவக்கும். வந்த இடத்துத் தாள் எங்கை?"

"நீ மணிக்கூட்டைப் பார். பாம்பை நான் பாக்கிறன்."

தமிழ் தெரியாதவர்களுக்கும் தொனி புரிந்தது. அவள் சிரித்தாள். "ஓம். ஒரே மாதிரி ரெண்டு சக்கரத்தை நானும் மாத்திப் பூட்டியிருக்கிறன். மணிக்கூடு ஓடும். பிழையா ஓடும்."

அவள் பார்க்கவே அட்டையில் 'கன்ஸ்ட்ரிக்டர், சுரினாம்' என்று சேர்த்து எழுதினேன். ஓஸ்டர்முண்டிகன் ஊரில் ஒருவர் தன் சுரினாம் பெண் பாம்புடன் அதை இணை சேர்த்தார். பதினான்கு குட்டிகள். கலப்பில்லாதவை என்று சொல்லிப் பிரித்துக் கொடுத்தோம்.

சில மாதங்கள் கழித்து, பழைய பையொன்றில் தாள் அகப்பட்டது. என் பாம்பின் தாய் தகப்பன் இரண்டும் கொலம்பியா. இம்பெரேட்டர். தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். குட்டிகளைப் பற்றிய கவலையைவிட, அவள் சொன்னது சரியாகிவிடுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

இறுதிச் சடங்கு முடிந்தபின் அவளுடைய அம்மா ஒரு பெட்டி தந்தார். நம் குழுவின் ஒவ்வொரு போவாவுக்கும் அவள் எழுதிய ஓர் அட்டை அதில் இருந்தது. என்னுடையதில் சிறிய எழுத்தில்: 'இம்பெரேட்டர்?' அதன் கீழே: 'தாள் கிடைச்சால் அவளே சொல்லுவாள்.'

என்னைப் பற்றி எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பெட்டியை உங்களிடம் தந்துவிடுகிறேன். அந்த ஓர் அட்டை மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

பெட்டி கிடைத்த அன்று மாலையே தாளைப் படமெடுத்து, பதினான்கு குட்டிகளையும் கொண்டுபோனவர்களுக்கு அனுப்பினேன்.