பட்டாளத்து மாஸ்டர்மேல் வந்த சாமி

எங்கள் பெரியப்பாவுக்குக் கோயில், திருவிழா என்றால் ஆகாது. சாமிக்கும் அவரைக் கண்டால் ஆகாது என்றுதான் தோட்டம் முழுவதும் நினைத்திருந்தது, அது அவர்மேலேயே வந்து இறங்குகிற வரைக்கும்.

திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நீளமான தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். அதற்குப் பெரியப்பா தலைமை ஆசிரியர். பல வருஷங்கள் அவருக்குக் கீழே வேறு ஆசிரியரே இல்லாததால் தனக்குத்தானே தலைமையாக இருந்தார். இளவயதில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா வரைக்கும் போய், சண்டை முடிந்து திரும்பியவர். ஹட்டனில் படித்த படிப்புக்கும் பட்டாளத்தில் பழகிய இங்கிலீசுக்கும் எந்த டவுனிலும் நல்ல வேலை கிடைத்திருக்கும். அவரோ தான் பிறந்த கூலி லயத்து வரிசை வீடுகளுக்கு எதிரிலேயே வாத்தியாராக வந்து உட்கார்ந்துகொண்டார். இதைப் பெருமை என்றும் பிழைக்கத் தெரியாத்தனம் என்றும் எங்கள் ஆட்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் பட்டாளத்து மாஸ்டர்.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் தம்பி மகளான நான் பாதி நாள் அவர் வீட்டில்தான் கிடப்பேன். அங்கே ஒரு தொல்லை உண்டு. சட்டி மூடியைக் கீழே போட்டுவிட்டால் பெரியம்மா என்னை முறைக்கிற முறைப்பில் சோறு இறங்காது. மலைச்சரிவில் ரோட்டுக்காகப் பாறைக்கு வெடி வைத்த காலத்தில், பெரியப்பா பள்ளிக்கூடத்தையே கிளப்பிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விட்டார். மூன்று நாள் அங்கேதான் வாய்ப்பாடு சொன்னோம். பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் தொரையிடம் சொன்னாராம். எங்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது.

பள்ளிக்கூடம் இருந்தது, பிள்ளைகள்தான் இருப்பதில்லை. ஒன்பது, பத்து வயதானால் பையன்கள் புல்லு வெட்டப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் கைக்குழந்தை ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். பெரியப்பா சாயங்காலமானால் பழைய பூட்சை மாட்டிக்கொண்டு லயம் லயமாக இறங்குவார். வாசலில் நின்று கூப்பிடுவார். உள்ளேயிருந்து மரியாதையாகப் பதில் வரும்.

“நாளைக்கே அனுப்பிப்புடுறோங்க மாஸ்டர்.”

ஒருவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். சரி சரி என்கிறவர்களிடம் மனிதன் என்னதான் செய்வான்? அவர்கள்மேலும் குற்றமில்லை. வயிறு என்று ஒன்று எல்லோருக்கும் இருந்தது. பெரியப்பா திரும்பி மேடு ஏறி வருவதை எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்ப்பேன். மலை இறங்கும்போது இருந்ததைவிட ஏறும்போது அவருக்கு வயது கூடியிருக்கும்.

அந்த வருஷம் தொரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகும் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தால் பள்ளியை மூடி, கொட்டகையை அரிசி ஸ்டோராக்கிவிடுவாராம். அரிசி மூட்டை லீவு போடாது என்று சொல்லிச் சிரித்தாராம். பெரியப்பா இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

தோட்டத்து ஜனம் முழுவதும் வேலையில்லாமல் ஓரிடத்தில் நிற்பது மாரியம்மன் திருவிழா அன்றைக்குத்தான். ஆகவே கரகம் புறப்படும் முன்னால் நாலு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்று பெரியப்பா கோயில் தலைவரிடம் போய்க் கேட்டார். இத்தனை வருஷமும் திருவிழா நாளில் ஏதாவது காரணம் சொல்லி ரயிலேறிவிடுகிற மனிதர் தானாக வருகிறாரே என்று தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

“நீங்க வந்து நின்னாலே எங்களுக்குப் பெருமைங்க மாஸ்டர்” என்றார்.

பெரியம்மாதான் வேண்டாம் என்றாள். “ஒங்களுக்கு அந்தச் சத்தம் ஆகாதுங்க” என்று இரண்டு தரம் சொன்னாள். மேளச் சத்தத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று பகலில் பனி விலகி நல்ல வெயில். பெரியப்பா கோட்டு போட்டுக்கொண்டு கோயில் படியில் ஏறி நின்றார். நான் முண்டியடித்து முன்வரிசைக்கு வந்துவிட்டேன். “தாய்மாருங்களே, பெரியவங்களே” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான் பேசினார். மாஸ்டருக்கு மரியாதை செய்யவேண்டும் என்று தலைவர், ஹட்டனில் முஸ்லிம் நானா கடையில் அதிர்வேட்டு வாங்கி வரிசையாகப் புதைத்து வைத்திருந்தார். அவர் கை காட்ட, கோயிலுக்குப் பின்னால் முதல் வேட்டு வெடித்தது. எதிர்மலை அதைத் திருப்பிக் கொடுத்தது.

பெரியப்பா படியிலிருந்து குப்புற விழுந்தார். அடுத்தடுத்து வேட்டுகள் வெடிக்க, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டித்துப்போன வாயிலிருந்து “கெட் டவுன்! கெட் டவுன்!” என்று சத்தம் வந்தது.

உடம்பு நடுங்குவதில் எங்கள் ஆட்களுக்கு இரண்டு வகைதான் தெரியும். ஒன்று குளிர்காய்ச்சல், மற்றது சாமி. கோயில் வாசலில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. தப்படிக்கிறவர்கள் சட்டென்று அடியை மாற்றினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி ஓடிவந்து விபூதியை அள்ளி வீசினார். சாமி ஏன் இங்கிலீசு பேசுகிறது என்று கொஞ்சம் குழப்பம் இருந்தது. அதையும் ஒரு பெரியவர் தீர்த்துவைத்தார். வந்திருப்பது ரோதைமுனி, ஃபேக்டரிச் சக்கரத்துக்குக் காவல் நிற்கிற சாமி, வெள்ளைக்காரன் மிஷினோடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணுகிறதற்கு இங்கிலீசு தெரியாதா என்றார்.

“என்ன கொறை வச்சோம் ஒனக்கு? என்ன வேணும், கேளு!” என்று பூசாரி அதட்டினார்.

வேட்டு ஓய்ந்திருந்தது. பெரியப்பா மெல்லத் தலையைத் தூக்கினார். தூக்கத்தில் எழுப்பிவிட்டவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். நாளைக்கு, நாளைக்கு என்று வருஷக் கணக்கில் சொன்னவர்கள் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். அவர் எழுந்திருப்பார், கோட்டைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. அவர் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

“புள்ளைங்க வேணும்” என்றார்.

தாய்மார்கள் அலறிப்போய் ஆளுக்கொரு பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

“பள்ளிக்கூடத்துல வேணும். நாளைக்கே வேணும்.”

மறுநாள் பெஞ்சு போதவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றி நிறைய விபூதி பூசி, அழைத்தும் வராத பிள்ளைகளெல்லாம் வந்து தரையில்கூட உட்கார்ந்தார்கள். ஒரு தாய் கரும்பலகைக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனாள். தொரை வந்து பார்த்தார், அரிசியைப் பற்றிப் பேசாமல் போய்விட்டார். பெரியப்பா மட்டும் அன்று மத்தியானம்தான் வந்தார். ராத்திரி முழுவதும் அவர் கட்டிலுக்குக் கீழே சுவரோடு ஒண்டிக்கொண்டு கிடந்ததையும், பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் பெரியம்மா சொல்லக் கேட்டது, அவர் செத்துப் பல வருஷம் கழித்து. அப்போது எனக்கிருந்த வருத்தமெல்லாம், சாமி வந்த வீட்டில் ஒரு சர்க்கரைப் பொங்கல்கூட வைக்கவில்லையே என்பதுதான்.

சாமி வாக்குக்கும் ஆயுள் உண்டு. ஆடி வரைக்கும் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஐப்பசி மழையில் ஒவ்வொன்றாகக் காலியாயின. மாசி பிறந்தபோது பெரியப்பா மறுபடி பூட்சை மாட்டிக்கொண்டு லயங்களுக்கு இறங்க ஆரம்பித்தார். இப்போது வாசல்களில் வேறு பதில் கிடைத்தது.

“சாமி மறுபடி ஒண்ணும் சொல்லலீங்களே மாஸ்டர்.”

அன்று வந்தது சாமி இல்லை, பர்மாவில் விட்டுவந்ததாக நினைத்த சண்டை என்று சொன்னால் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? முதல் தடவை அது தானாக வந்தது. இனி வேண்டுமென்றால் அவரே போய்க் கூப்பிட வேண்டும். அப்படித்தான் அதற்குப் பின் ஏழெட்டுச் சித்திரைகள் அவர் கூப்பிட்டார், பள்ளிக்கு மேல்வகுப்புகளும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் வந்து சேரும்வரை. வார்த்தைகள் அவருடையவை. நடுக்கத்தில் ஒரு தடவைகூட நடிப்பு இல்லை.

இதெல்லாம் இப்போது எழுதுவது. இரண்டாம் வருஷம் திருவிழாவுக்கு முந்தின நாள் எனக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. கோயில் தலைவர் பெரியப்பா வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றார்.

“இந்த வருசம் வேட்டு வேணாம்னு அம்மா ஆளனுப்பிச் சொன்னாங்க. அதான் நானா கடையில வாங்காம வந்துட்டேனுங்க” என்றார்.

பெரியப்பா திரும்பி அடுக்களைப் பக்கம் பார்த்தார். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

“இன்னும் நேரமிருக்கு, வாங்கிட்டு வந்துருங்க தலைவரே” என்றார் பெரியப்பா. “போன தடவ ரொம்பத் தூரத்துல வச்சிட்டீங்க. இந்தத் தடவ எனக்குப் பின்னாலயே வைங்க.”

வாசல் தாண்டி, மேடு இறங்கி, ஒரே ஓட்டமாக லயத்துக்கு ஓடினேன். எங்கள் பெரியப்பாவுக்கு வேட்டு என்றால் கொஞ்சம்கூடப் பயம் கிடையாது, முதுகுக்குப் பின்னாலேயே வைக்கச் சொல்லிவிட்டார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் மூச்சிரைக்கச் சொன்னேன். பட்டாளத்துக்காரர் அல்லவா என்று அவர்களும் சொன்னார்கள்.