யொன்சிலுக்கு மட்டும் விழாத திட்டு

நாற்பத்தொன்பது வயதில் யொன்சிலுக்கு வேலை கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கொரியாவின் சியோல் நகரத்தில் மாப்போ பக்கம் ஒரு கம்பெனி. கிம்ச்சி, நெத்திலி வறுவல், சோயாவில் வேகவைத்த முட்டை என்று தொடுகறிகளை டப்பாவில் அடைத்து வீடுகளுக்கு அனுப்புகிறவர்கள். குறை சொல்லி எழுதும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது யொன்சிலின் வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். மகளை வளர்த்து ஆளாக்கும்வரை வீட்டோடு இருந்துவிட்டு, ஏறி இறங்காத படியெல்லாம் ஏறி இறங்கிப் பிடித்த வேலை. இதுவும் போனால் இன்னொருத்தர் கூப்பிடுவார் என்ற நம்பிக்கை அவளுக்குத் துளியும் இல்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கம்பெனியே ஒரு வழிகாட்டியை நியமிக்கும். அவளுக்கு வாய்த்தவள் பித்னா, வயது இருபத்தேழு. அதே நாளில் சேர்ந்த குன்வூ என்ற பையனுக்கும் பித்னாதான். யாரை நிரந்தரமாக்கலாம் என்று மேலிடத்துக்குச் சொல்லப்போகிறவளும் அவளேதான். பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லோரும் பெயரோடு ‘நிம்’ சேர்த்து மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

யொன்சில் எழுதியதைப் படித்ததும் பித்னா கை தட்டாத குறைதான். “பிரமாதம், யொன்சில் நிம்! நான் லேசா தொட்டுட்டு அனுப்பிடுறேன்.”

மறுநாள் பார்த்தால், வாடிக்கையாளருக்குப் போன பதிலில் யொன்சில் எழுதிய வரி ஒன்றுகூட இருக்காது. லேசாகத் தொட்டாளாம்! வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு வெள்ளையடித்தேன் என்று சொல்கிற மாதிரி இல்லையா இது? கேட்டால், “சும்மா நிம், சின்னச் சின்ன மாத்தம்தான்” என்று சிரிப்பாள். நன்றாக இருந்தால் ஏன் மாற்றுகிறாள், மாற்றினால் ஏன் பிரமாதம் என்கிறாள் என்று யொன்சிலுக்கு மண்டை காய்ந்தது.

குன்வூவுக்கோ தினமும் அர்ச்சனை. “குன்வூ நிம், என்ன கண்றாவி இது? அந்தம்மா டப்பா ஒழுகுதுன்னு கத்துறாங்க, நீ முள்ளங்கி பெருமைய அளந்துக்கிட்டிருக்க!”

பையன் முகம் செத்துப்போகும். யொன்சில் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டுவாள். “மனசுல வச்சுக்காதப்பா.”

“உங்களுக்கென்ன நிம், திட்டே விழறதில்ல. குடுத்து வச்சவங்க.”

அவளும் அப்படித்தான் நம்பினாள், பாவம். சூசாக் என்ற அறுவடைப் பண்டிகை வந்தது. பரிசுப் பெட்டிகளைப் பற்றி வந்து குவியும் புகார்களை முழுக்கக் குன்வூ கையில் கொடுத்தார்கள். யொன்சிலைப் பெட்டிகளுக்கு ரிப்பன் ஒட்ட உட்கார வைத்தார்கள்.

வீட்டில் கணவன் ஆறுதல் சொன்னான். “பாராட்டுறாங்கன்னா நல்லதுதானே?”

“நல்லதுன்னா நான் எதுக்கு ரிப்பன் ஒட்டுறேன்?”

“ரிப்பனும் முக்கியம்தான்...”

“நீங்க பேசாம சாப்பிடுங்க.”

சோதனைக் காலம் முடியக் கொஞ்ச நாளே இருந்தபோது, வேலை முடிந்து எல்லோரும் இறைச்சி வாட்டும் கடைக்குப் போனார்கள். யொன்சிலுக்கு எதிரே பித்னா கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தாள். யொன்சில் அவளுக்கு சோஜு மது ஊற்றினாள். பித்னா கிண்ணத்தை இரு கையாலும் வாங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தாள். வயதில் மூத்தவர் முன்னால் குடிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். யொன்சிலின் மகளும் அப்படித்தான் குடிப்பாள்.

யொன்சிலுக்குச் சுருக்கென்றது. அடிப்பாவி, இதுதானா சங்கதி!

தன் கிண்ணத்தை நீட்டி ஊற்றச் சொன்னாள். இரு கையாலும் பிடித்தாள். பித்னாவுக்கு முன்னால், தானும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தாள்.

பித்னா மறுபடி எடுத்த கத்தரிக்கோல் தட்டில் விழுந்தது. “ஐயோ, என்ன பண்றீங்க? உங்களுக்கு எங்கம்மா வயசு!”

“உங்கம்மாவா இருக்கவா நான் இங்க வந்தேன்? குன்வூவத் திட்டுற மாதிரி என்னையும் திட்டுங்க.”

பித்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கம்மாவும் இப்படித்தான் வேலைக்குப் போனாங்க. ஒரு சின்னப் பொண்ணு எல்லார் முன்னாடியும் திட்டிட்டா. அழுதுக்கிட்டே வந்தாங்க. அப்புறம் அந்தப் பக்கமே போகல.”

“நானும் அழுவேன். ஆனா மறுநாள் வருவேன்.”

பித்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மடை திறந்த மாதிரி கொட்டினாள். “இலையுதிர் காலக் காத்து வீசுது, வீட்டுல எல்லாரும் நலமான்னு ஆரம்பிக்கிறீங்களே, யாரு கேட்டா காத்தப் பத்தி? டப்பா ஒழுகி ஃப்ரிட்ஜெல்லாம் நாறுது அவங்களுக்கு! ஒரு பக்கம் எழுதுறீங்க, பணம் திரும்பி வருமா வராதான்னு அதுல இல்ல. படிக்கிறவங்களுக்குப் பைத்தியம் பிடிக்காது?”

யொன்சிலுக்குக் காது எரிந்தது. முப்பது வருடமாக, அழகாக எழுதுகிறவள் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். அவமானமா நிம்மதியா என்று தெரியாமல் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

மறுநாள் வந்தாள். அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி பித்னா கூப்பிட்டாள். “யொன்சில் நிம், என்ன இது, மறுபடியும் காத்தா?” குன்வூ ஓடிவந்து ஒரு ஆரஞ்சை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மூன்று மாதம் முடிந்த அன்று மாலை கணவன் போனில் துடித்தான். “பாஸா, பெயிலா?”

“தெரியலங்க. இன்னும் ஒரு மாசம் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. பித்னாதான் அப்படிச் சொன்னாளாம்.”

“அடடா. உன்னப் பிடிக்கலையா அந்தப் பொண்ணுக்கு?”

யொன்சில் திரையைப் பார்த்தாள். ‘டப்பா ஒழுகியது எங்கள் தவறு. பணம் நாளை வந்துவிடும்.’ அவள் எழுதியது. ஒரு எழுத்துகூட மாறாமல் போயிருந்தது. பித்னா பிரமாதம் என்று சொல்லவில்லை. “அடுத்தது எங்க?” என்று மட்டும் கேட்டிருந்தாள்.

“பிடிக்கும்னுதான் நினைக்கிறேன்,” என்றாள் யொன்சில். “நீங்க சாப்பிட்டுடுங்க. எனக்கு இன்னும் எழுத வேண்டியிருக்கு.”