நாலு அங்குலச் சாட்சி

ஸ்காட்லாந்தில் என் மகன் வேலை பார்க்கிற இந்த அபர்தீன் ஊரில் கம்பளித் துண்டைக் குளிப்பாட்டுகிறார்கள். ஸ்வெட்டரை அல்ல, உள்ளங்கை அகலத் துண்டை. ஸ்வெட்டர் பின்னுவதற்கு முன்னால் அதே நூலில், அதே ஊசியில் ஒரு சதுரம் பின்னி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, டவலில் ஒற்றி, காயவைத்து, பிறகு ஸ்கேல் வைத்துப் பின்னல் கண்ணியை எண்ணுகிறார்கள். ஸ்வாட்ச் என்று பெயர். நாலு அங்குலத்துக்கு இத்தனை பாடு. முதல் நாள் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் பின்னல் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருவர், மொராக் என்று பெயர். நான் சிரித்ததைப் பார்த்து, எனக்குப் பின்னலில் ஆசை என்று நினைத்து, ஒரு நூல் உருண்டையை என் மடியில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வராது. அப்படித்தான் பின்னல்காரி ஆனேன்.

ஊரிலிருந்து புதிதாக வந்து குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் சொல்கிறாளே என்று பார்க்காமல் கேளுங்கள். கடையில் நூலைக் கையால் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். பாத்திரம் தேய்த்துக் காய்த்த கைக்கு எல்லாம் பட்டுதான். கழுத்தில் வைத்துப் பாருங்கள், குத்தினால் கழுத்து உடனே சொல்லிவிடும். தினம் போடுகிற உடுப்புக்கு மெஷினில் துவைக்கிற கம்பளியாக எடுங்கள். சாதாரணக் கம்பளியை மருமகள் தெரியாமல் சுடுதண்ணீரில் போட்டால் சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும். முறுக்கு இல்லாத நூல் மேடைப் பேச்சு மாதிரி. தொட்டால் மெத்தென்று இருக்கும், நாலு நாளில் உருண்டை உருண்டையாகப் பொரிந்துவிடும். பருத்தி நமக்குப் பழகியதுதான், ஆனால் கனத்தில் தொங்கும். முதல் வேலைக்குக் கறுப்பு வேண்டாம், கண்ணி தெரியாது. நூல் உறையில் போட்டிருக்கும் சாய நம்பர் ஒன்றாக இருக்கும்படி மொத்தமாக வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் அதே நிறம்தான் என்பார்கள், வெயிலில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இங்கே வெயில் என்றைக்கு வரும் என்பது வேறு விஷயம்.

போன குளிர்காலத்தில் என் மருமகள் கயல், "அத்தை, அம்மா பதினைஞ்சு நாள்ல வர்றாங்க. அவங்களுக்கு நீங்க ஒரு ஸ்வெட்டர் போட்டுக் குடுங்களேன்" என்றாள். கயலின் அம்மா பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நிலக்கார வீட்டுப் பெண். அவர்கள் ஊரும் எங்கள் ஊரும் ஒரே ஆற்றின் இரண்டு கரை, பஸ் நிற்கிற இடம் ஒன்றுதான். என் மகனும் கயலும் சென்னையில் படிக்கும்போது விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணத்தன்று வந்தவர்களிடமெல்லாம் என் மகன் படிப்பைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்ன சம்பந்தியம்மா, என்னை மட்டும் "இவங்க மாப்பிள்ளையோட அம்மா" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். எனக்கு ஒரே ஆசைதான். அந்த அம்மா என் கை வேலையைப் போட்டுக்கொண்டு, குறை சொல்ல இடமில்லாமல் ஒரு நாளாவது நிற்க வேண்டும்.

நாலு அங்குலத்துக்கு இருபத்திரண்டு கண்ணி வரவேண்டும் என்று மாதிரிப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. எனக்கு வந்தது இருபது. கண்ணி குறைந்தால் பின்னல் தளர்வு என்று அர்த்தம், சின்ன ஊசிக்கு மாறி மறுபடி பின்ன வேண்டும். நான் மாறவில்லை, ஸ்கேலைத்தான் நகர்த்தினேன். ஆரம்பத்தில் பயத்தில் இறுக்கிப் பிடித்துப் பின்னிய கீழ்மூலையில் இருபத்திரண்டு வந்தது. அங்கே ஸ்கேலை வைக்கும்போது கை கொஞ்சம் நின்றது. இந்த வேலையை நான் முன்பே ஊரில், வயலில் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். புது ஆட்சி வந்து, இனி உழுகிறவன் காலம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். ஒரு வரப்பில் செங்கொடி நிற்கும், இன்னொரு வரப்பில் கரை வேட்டி நிற்கும். நிலக்காரர் எந்த வரப்புக்கும் வரமாட்டார், தன் கணக்கு வழக்கைப் பார்க்கும் காரியக்காரரை அனுப்புவார். எங்கள் குத்தகை வயல் எவ்வளவு விளைகிறது என்று தகராறு வந்தது. கடைசியில் அதிகாரி முன்னிலையில் ஒரு குழி, அதாவது பன்னிரண்டடிச் சதுரம், அறுத்து அடித்து அளந்து, அதை வைத்தே முழு வயலுக்கும் கணக்குக் கட்டுவது என்று முடிவாயிற்று. காரியக்காரர் நாலு எல்லை முளையையும் மடைவாயில் அடித்தார். தண்ணீரும் வண்டலும் முதலில் சேர்கிற இடம், கதிர் மணிக் கனத்தில் தலை தூக்க முடியாமல் கிடக்கும். வடகோடி முழுக்க உவர், பாதிகூட விளையாது. என் வீட்டுக்காரர் கூட்டத்தில் கைதட்டுவதில் முதல் ஆள். காரியக்காரரைக் கண்டால் மட்டும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

"அய்யா, நடுவால எடுத்தா நல்லதுங்க" என்று இழுத்தார்.

"நடு என்ன, ஓரம் என்ன? எல்லாரும் சமம்னுதானேடா உன் கட்சிக்காரன் சொல்றான். வயலும் சமம்தான், போ" என்றார் காரியக்காரர். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் குழியை அறுத்தவள் நான். உவர் இருக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரிவாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கட்டிய குத்தகைக்கு வயல் ஈடுகொடுக்கவில்லை. இரண்டு போகத்தில் நிலம் கைவிட்டுப் போயிற்று.

இவ்வளவும் தெரிந்தவள்தான் கீழ்மூலையில் ஸ்கேலை வைத்தேன். எல்லோர் முன்னாலும் மொராக் "அகெய்ன்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். துண்டைத் துவைக்கவும் இல்லை. "வாஷ்?" என்று அவர் கேட்டபோது தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய நம் ஊர் ஆட்டல். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.

சம்பந்தியம்மா வருவதற்கு முதல் நாள் ஸ்வெட்டரை அலசிப் போட்டேன். மெஷின் கம்பளிக்குத் தண்ணீர் பட்டால் நீளுகிற குணம் உண்டாம், அதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஊறப்போட்ட உளுந்து மாதிரி பெருத்துக் கிடந்தது. மறுநாள் நான் மறைத்து வைப்பதற்குள் கயல் எடுத்துப் போய், வந்து இறங்கிய அம்மா தோளில் போட்டுவிட்டாள். கை இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கின. கயல் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன சம்பந்தி, அளவு பாக்காமலே போட்டுட்டீங்களா?"

"பாத்தேங்க."

"எப்படிப் பாத்தீங்க?"

எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "நம்ம பக்கம் குழி அறுத்துப் பாப்பாங்களே, அப்படித்தான்" என்றேன்.

அவர் தொங்கும் கையைப் பார்த்தார். "மொளைய மடைவாய்ல அடிச்சிட்டீங்களாக்கும்" என்றார்.

அதுவரை அதை ஒரு காரியக்காரரின் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் நிலக்காரர் இவர் வீட்டார் இல்லை. ஆனாலும் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வீட்ல சாப்பிடும்போது பேசிக்குவாங்க. சின்னப் பிள்ளைங்க நாங்க, சிரிப்போம்" என்றார். இப்போது சிரிக்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றவும் இல்லை. கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு காபி கேட்டார்.

ஆகவே பெண்களே, ஸ்வாட்சை ஆறு அங்குலமாவது போடுங்கள். ஓரத்தை விட்டு நடுவில், இரண்டு மூன்று இடத்தில் எண்ணுங்கள். உடுப்பை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துண்டையும் துவையுங்கள். பிடித்த எண் வருகிற இடத்தில் ஸ்கேலை வைக்காதீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சம்பந்தியம்மாவை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் அந்த ஸ்வெட்டரில்தான் வந்தார். மொராக் மடித்த கையைப் பார்த்துவிட்டு "லவ்லி" என்றார். இந்த ஊரில் மழையும் லவ்லிதான். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிக் காட்டி, "சேம் வில்லேஜ்?" என்று கேட்டார்.

சம்பந்தியம்மா "யெஸ்" என்றார். அதே மூச்சில் நான் "நோ" என்றேன்.

எங்களுக்கு இங்கிலீஷ் போதவில்லை என்று நினைத்து, மொராக் இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் மறுபடி கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த முறை அவர் "நோ" என்றார், நான் "யெஸ்" என்றேன்.