இங்கிரிட் என் கையை விடவில்லை

அண்ணாவிடமிருந்து ஏழு மாதமாக ஒரு செய்தியும் இல்லை. அது 2001. எனக்குப் பதினேழு வயது. நோர்வே அகதி முகாமிலிருந்து அம்மாவையும் என்னையும் நாட்டின் தெற்கில் ஒரு கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மனிதரைவிடச் செம்மறியாடுகள் அதிகம். நாங்கள் அங்கே போன கையோடு, கொழும்பில் அண்ணா தங்கியிருந்த லொட்ஜில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆமியோ பொலிஸோ பிடித்துக்கொண்டு போய்விட்டதோ என்று இருவருமே நினைத்தோம். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டா.

சகோதரங்களே, நான் வாய் திறக்காத பிறவி. ஒஸ்லோ சபையில் இத்தனை வருடம் உங்களோடு கூடுகிறேன், உங்களுக்கே தெரியும். நீங்கள் விடாமல் கேட்டதால்தான் இதையும் எழுதித் தருகிறேன்.

வகுப்பில் பக்கத்தில் இருந்த இங்கிரிட், வியாழக்கிழமைகளில் என்னை ஊர் ஜெபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

"வாஃபல் தின்னப் போறியோ, சாமி கும்பிடப் போறியோ?" என்று அம்மா கேட்பா.

உண்மையில் அங்கே சுடச்சுடச் சுட்டுத் தரும் வாஃபலுக்குத்தான். அங்கே வட்டமாகக் கைகோர்த்து, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்பார்கள். விருப்பமில்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் கையை அழுத்தினால் போதும், முறை அவருக்குப் போய்விடும். எனக்கென்றே கண்டுபிடித்த ஒழுங்கு! ஒவ்வொரு கிழமையும் அழுத்தினேன். மனதுக்குள் மட்டும் ஆண்டவரிடம் அண்ணாவைக் கேட்டேன். பதில் இல்லை. ஆண்டவர் மேல் எனக்குச் சரியான எரிச்சல்.

ஒரு வியாழன் இங்கிரிட்டின் கையை அழுத்தினேன். அவள் வாய் திறக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். நகம் பதிய அழுத்தினேன். கல்லு மாதிரி இருந்தாள். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. தமிழில் கத்தினேன்:

"ஆண்டவரே, உமக்குக் காது கேக்காதோ? என்ர அண்ணா எங்கை? அம்மா சாகப்போறா! ஏன் பேசாமல் இருக்கிறீர்?"

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அழுகை மட்டும் விளங்கியது. எனக்கு அண்ணா இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும். தெரிந்த நோர்வேஜிய மொழியில் திக்கித் திக்கிச் சொன்னேன். வட்டத்தில் இருந்த இங்கிரிட்டின் தாய் ஒன்றுதான் கேட்டா: "அண்ணாவிட்டை உங்கட எந்த விலாசம் இருக்கு?"

பழைய முகாமின் விலாசம். விலாசம் மாற்றும் படிவத்தை என்னிடம்தான் தந்திருந்தார்கள். நிரப்பத் தெரியாமல், யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, பள்ளிக்கூடப் பைக்குள் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் அவ முகாமுக்குத் தொலைபேசி எடுத்தா. அண்ணா போட்ட எட்டுக் கடிதங்கள் அங்கே ஒரு மேசை இலாச்சியில் கிடந்தன! கடிதங்கள் வந்து சேர்ந்ததும் பார்த்தால், அண்ணா வேறு இடத்துக்கு மாறி, புதுத் தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தார்; உடனே எடுத்தோம்.

"எடியே, உயிரோட இருக்கிறியளோ? எட்டுக் கடிதம் போட்டனான். ஒரு வரி எழுத ஏலாதே உனக்கு?"

அம்மா அழுது அழுது அவரை ஏசினா. பிறகு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா.

ஏன் அன்று ஜெபிக்கவில்லை என்று இங்கிரிட்டிடம் கேட்டேன். "தெரியாது. ஜெபிக்க வாயே வரேல்லை" என்றாள். எனக்குத் தெரியும். ஏழு மாதம் பேசாமல் இருந்தது ஆண்டவர் இல்லை, நான். என் வாயைத் திறக்க அவர் அவளுடைய வாயை அடைத்தார். இவ்வளவு வெட்கப்படுத்தாமல் செய்திருக்கலாமே என்று இப்பவும் அவரோடு சண்டை பிடிப்பேன். 2003இல் அந்த ஊர் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தேன்.

"உன்ர சாமியோ, என்ர முருகனோ, பிள்ளை கிடைச்சிட்டான்" என்பா அம்மா. நான் வாதாடுவதில்லை. அண்ணா இப்போது ஒஸ்லோவில்தான். இன்னும் அந்த எட்டுக் கடிதத்தைச் சொல்லிக் காட்டுவார்.

மனதுக்குள் எதையோ பூட்டி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து இருங்கள். ஆண்டவர் கேட்பார். நீங்கள் என் கையை அழுத்தினால், மன்னியுங்கள், நான் உங்கள் முறையை வாங்கமாட்டேன்.