காற்றுக்காவலனின் அசையாத மேலங்கி

சித்தப்பாவோடு படம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். தியேட்டர் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை படத்தின் குறைகளை மட்டும்தான் பேசலாம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நிறைகளை மட்டும்தான். ஏறிய பிறகு யாராவது “ஆனாலும் அந்த வில்லன்...” என்று இழுத்தால், “அது கீழயே இறங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நகரப் பேருந்து ஓட்டுகிற மனிதர். ஏறுகிற இடம், இறங்குகிற இடம் விஷயத்தில் அவருக்குக் குழப்பமே கிடையாது.

சட்டம் வந்ததற்குக் காரணம் சித்தி. கல்யாணமான புதிதில் சித்தப்பா ஒரு படத்தைத் திட்ட ஆரம்பித்தாரென்றால், வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் திட்டிக்கொண்டே இருப்பாராம். “எடுத்தவனே ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டான். உங்களுக்கு என்ன?” என்று சித்தி ஒரு நாள் கேட்டதிலிருந்து பஸ் நிறுத்தம் எல்லையானது.

சித்தி தையல்காரி. சினிமாவுக்கு உடை தயாரிக்கும் பட்டறையில், ஜன்னலோர மெஷின் அவருடையது. வெட்டுவதும் பொருத்துவதும் மற்றவர்கள் வேலை. கரை மடித்துத் தைப்பது சித்தி வேலை. மனிதர்களைச் சித்தி கீழிருந்துதான் பார்ப்பார். யாராவது எதிரே வந்தால் முதலில் கால்சட்டை மடிப்பு, பிறகுதான் முகம். ஒரு முறை பஸ்ஸில், முன்னால் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் கோட்டில் நூல் தொங்குவதைப் பார்த்து, பல்லால் கடித்து எடுக்கக் குனிந்தேவிட்டார். சித்தப்பாதான் தோளைப் பிடித்து இழுத்தார். “அடி வாங்கிக் குடுத்துடுவா போலிருக்கே” என்றார். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாள் முதல், வேலை நிலைக்குமா நிலைக்காதா என்ற கவலையோடு அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்துக் கிடக்கும் எனக்கு, அன்று ராத்திரி நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்தது.

அந்தப் பட்டறைக்கு வந்ததுதான் ‘காற்றுக்காவலன்’ இரண்டாம் பாகம். காற்றைக் கட்டி ஆளும் வீரனின் கதை. முதல் பாகத்தைச் சித்தப்பா நான்கு முறை பார்த்தவர். இரண்டாம் பாகத்தில் வீரனுக்குத் தோளிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் சாம்பல் நிற மேலங்கி என்று முடிவானது. அதன் கரை முழுவதும் சித்தி கைப்படத் தைத்தது. வீட்டில் யாருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சித்தப்பா டிப்போவில் எல்லாரிடமும் ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்.

படம் வந்தது. வந்த அன்றே விழுந்தது. எழுதியவர்கள் எல்லாரும் ஒன்று விடாமல் மேலங்கியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சமையலறையில் சித்தி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் கைபேசியில் வந்த விமர்சனங்களைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“என்னடா எழுதியிருக்கான்?”

“மேலங்கி கொஞ்சம் கனமா தெரியுதுன்னு எழுதியிருக்கான் சித்தி.”

“திரை நிறைய எழுதியிருக்கான், நீ ஒரு வரில முடிக்கிற. முழுசா சொல்லு.”

சொன்னேன். காற்றின் அரசன் முதுகில் மட்டும் காற்று வேலைநிறுத்தம் செய்கிறது என்று ஒருவர். மழையில் நனைந்த கம்பளியைக் காயப்போட இடம் தேடி அலைகிறான் என்று இன்னொருவர். சித்தி தலையை நிமிர்த்தவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது.

மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்லக்கூடாது. கரையைப் பார்த்தோம். வீரன் எந்தப் பக்கம் போனாலும் எங்கள் மூன்று தலைகளும் அவன் கணுக்கால் பக்கமே போயின. படம் முடிந்து வெளியே வந்தபோது நான், “கடைசில அவன் அம்மா என்ன ஆனா?” என்று கேட்டேன். “அம்மா இருந்தாளா?” என்றார் சித்தப்பா.

நிறுத்தம் வரை அவர் பேசியது வழக்கமான பேச்சுதான். வில்லன் மூச்சுவிடாமல் மூன்று தடவை சொற்பொழிவு ஆற்றுகிறான். அவன் சொல்லி முடிக்கும்வரை வீரனும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி நிற்கிறான். கடைசிச் சண்டை இருட்டில் நடக்கிறது. யார் யாரை அடித்தார்கள் என்பது அடி வாங்கியவனுக்கே தெரிந்திருக்காது. திடீரென்று ஒரு அண்ணன் முளைக்கிறான். மேலங்கி பற்றி ஒரு சொல் இல்லை.

பஸ்ஸில் ஏறினோம். சித்தப்பா நெடுநேரம் யோசித்தார்.

“இடைவேளை சரியான நேரத்துல விட்டாங்க” என்றார்.

“அவ்வளவுதானா?” என்றார் சித்தி.

“வேற... டிக்கெட் குடுத்தவன் மரியாதையான பையன்.”

சித்தி சிரிக்கவில்லை. வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே கேட்டார். “என்னங்க, கீழயும் என் துணி வரல, மேலயும் வரல. நடுரோட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களா?”

சித்தப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

அப்போதுதான் சித்தி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். வீரனுக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்கும் சண்டைக்காரர் ஒருவர் உண்டு. பட்டறையில் அவருக்கு நெட்டை என்று பெயர். அளவு பார்க்க வந்த நெட்டை, “உயரத்துலேருந்து இறங்கறப்போ துணி மூஞ்சில சுத்திக்குதுக்கா. தரை எங்க இருக்குன்னே தெரியல” என்று முழங்கால் காயத்தைக் காட்டினார். சித்தி அவருடைய மேலங்கிக் கரைக்குள், திரைச்சீலை நேராக விழுவதற்கு வைக்கிற ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேலங்கிகள் மொத்தம் நான்கு. நான்கையும் வரிசையாக மாட்டிவைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் அழகாக, சுருக்கம் இல்லாமல் விழுந்தது. மற்ற மூன்றும் கரையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

“கண்ணுக்குப் பொறுக்கல” என்றார் சித்தி. “மிச்ச மூணுலயும் வெச்சுட்டேன்.”

“வீரனோடதுலயுமா?”

“அதுலதான் இன்னும் நெருக்கமா வெச்சேன். அது முக்கியமான துணி இல்லையா.”

சித்தப்பா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தி முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

விஷயம் அதோடு முடியவில்லை. படப்பிடிப்பில் மேலங்கி பறக்கவில்லை என்றதும், ராட்சத விசிறியை இயக்குகிறவர் தலையில் விடிந்திருக்கிறது. பெரிய விசிறி கொண்டுவந்தார்களாம், அதற்கும் பெரியது கொண்டுவந்தார்களாம். படம் விழுந்ததும் இப்போது, அடுத்த படத்துக்கு அந்த விசிறிக்காரர் வேண்டாம் என்று பேச்சு. திங்கட்கிழமை உடை வடிவமைக்கிற அம்மா பட்டறைக்கு வருகிறார்; அடுத்த படத்துக்கு ஆட்களை முடிவு செய்வதில் அவர் சொல் எடுபடும். ஆட்கள் முடிவாவதற்குள் சித்தி அவரிடம் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் ஜன்னலோர மெஷின் போனாலும் போகும்.

“நான் கெடுத்தேனா இல்லையான்னு தெரியணும்” என்றார் சித்தி. “நீங்கதான் படத்தை எடைபோடறவராச்சே. சொல்லுங்க. எனக்காகன்னு ஒரு பிடி கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.”

“நான்தான் படமே பார்க்கலையே. உன் கரையைத்தானே பார்த்தேன்” என்றார் சித்தப்பா. “இன்னொரு தடவை பாக்கணும்.”

சனிக்கிழமை மதியம் டூட்டி முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் தனியாகப் போனார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சித்தி எதிரில் நின்றார். நான் தேநீர் போடுகிற சாக்கில் அடுப்பை விட்டு நகரவில்லை.

“சொல்லட்டா?”

“சொல்லுங்க.”

“முதல் பாதில தப்புதான். அந்த மொட்டைமாடிச் சண்டைல ஊர்க் குப்பைத்தொட்டி எல்லாம் பறக்குது. இவன் போர்வை மட்டும் இஸ்திரி போட்டு மாட்டின மாதிரி நிக்குது. எனக்குப் பின்னாடி ஒருத்தன் சிரிச்சான். எனக்கும் வந்துச்சு.”

“சிரிச்சீங்களா?”

“சிரிச்சேன்.”

சித்தி தலையை மட்டும் ஆட்டினார்.

“இடைவேளைக்கப்புறம் அவன்கிட்டேருந்து காத்து போயிடுது. அது அன்னிக்கு நமக்குத் தெரியவே இல்ல. அவன் அம்மா வீட்டு வாசல்ல வந்து நிக்கறான். தட்டலாமா வேணாமான்னு நிக்கறான். பின்னாடி மரம் ஆடுது, கொடில துணி ஆடுது, அவன் மேல இருக்கறது மட்டும் ஆடல. அப்ப ஒருத்தரும் சிரிக்கல. நைட் டூட்டி முடிஞ்சு வர்றவன் மாதிரி இருந்தான். எனக்கு என்னவோ பண்ணுச்சு. அந்தம்மா கதவைத் திறந்து, அவன் தோள்லேருந்து அதைக் கழட்டி வாங்கறா. ரெண்டு கையால வாங்கறா. கனம் தெரியுது. அது உன் குண்டாலதான். வேற யாராலயும் இல்ல.”

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. என்னை யாரும் திட்டவில்லை.

“அப்ப பாதி குறை, பாதி நிறை” என்றார் சித்தி.

“ஆமா. பாதிதான். அந்த விசிறிக்காரன் இருக்கானே, அவன் மேல பழியா ஏத்தி வெச்சிருக்கறது உன் குறைப் பாதி.”

“தெரியுது” என்றார் சித்தி.

திங்கட்கிழமை நான் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே கிளம்பிப் பட்டறை வாசலில் நின்றேன். வேலை போனவர் எப்படி நடந்து வருவார் என்று நானே ஒரு மணி நேரமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். சித்தி எப்போதும் போலத்தான் வந்தார்.

“நிறுத்தம் வர்றதுக்குள்ள குறையைச் சொல்லிடறேன்” என்று நடந்துகொண்டே ஆரம்பித்தார்.

சொன்னதும் அந்த அம்மா நம்பவில்லையாம். கத்தரிக்கோலை எடுத்து வீரனின் மேலங்கிக் கரையை அவரே பிரித்திருக்கிறார். குண்டுகள் மேசையில் உருண்டு, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்திருக்கின்றன. மற்ற மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டனவாம். “ஒருத்தர்கிட்டயாவது கேக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?” என்று கேட்டிருக்கிறார். இனிமேல் நாயகன், நாயகி துணி எதுவும் சித்தி கைக்கு வராது. கயிற்றில் தொங்குகிறவர்கள், மாடியிலிருந்து குதிக்கிறவர்கள் துணி மட்டும்தான். ஜன்னலோர மெஷினும் போயிற்று, பின்னறைக்கு மாற்றம்.

“விசிறிக்காரர்?”

“அவர் இருக்காரு. என்கிட்ட வந்து நின்னாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். ‘அந்த விசிறியை நான் மூணு தடவை பிரிச்சு மாட்டினேங்க’ன்னாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.”

பஸ் வந்தது. ஓட்டியது சித்தப்பா. கதவு திறந்ததும் கண்ணாடியில் சித்தியைப் பார்த்தார். ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் பின்னால் உட்கார்ந்த சித்தி, முன்னால் குனிந்து பேச ஆரம்பித்தார்.

“நெட்டை வந்திருந்தாரு. இனிமே அவர் துணி மொத்தமும் நான்தான். தோள்பட்டைக்குள்ள பஞ்சு வெச்சுத் தரச் சொன்னாரு. முழங்காலுக்கும்.” பின்னால் சாய்ந்து உட்கார்ந்தவர், மறுபடியும் குனிந்தார். “கேட்டுட்டுதான் வெப்பேன்.”

சிக்னலில் வண்டி நின்றது. சித்தப்பா திரும்பாமல், இடது கையை மட்டும் பின்பக்கம் நீட்டினார். சீருடைக் கையின் மடிப்பில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தி அதைப் பல்லால் கடித்து எடுத்தார். விளக்கு பச்சைக்கு மாறியது.