முயற்சிக்கு அஞ்சு பாயின்ட்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு வெள்ளைக்காரர் தலைமை மேலாளராக வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். இடது காது மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருக்கும். இளமையில் ரக்பி ஆடி அப்படி ஆகிவிட்டது என்று அவரே பெருமையாகத் தொட்டுக் காட்டுவார். எங்கள் ஆண்டு விளையாட்டு விழா என்றால் அதுவரை கிரிக்கெட்தான். அந்த வருடம், சிங்கப்பெருமாள் கோவில் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வழி முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தபோது, அவர் விழாவுக்கான கூட்டத்தில் எழுந்து, கிரிக்கெட்டில் பாதிப் பேர் சும்மா நிற்கிறார்கள், இங்கே எல்லோரும் கபடி ஆடுகிறார்கள், இவர்களுக்கு ரக்பி இரண்டே வாரத்தில் வந்துவிடும் என்று அறிவித்துவிட்டார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். டிப்ளமா முடித்த கையோடு வந்து ஸ்டோர்ஸில் சேர்ந்தவன். வருகிற பெட்டிகளின் மேல் இருக்கும் ஆங்கிலச் சீட்டைப் படித்து, எது எந்த அலமாரிக்கு என்று சொல்வது என் வேலை. ஆங்கிலம் படிப்பான் என்ற ஒரே காரணத்துக்காக என் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார்கள். நடுவராக இருந்திருக்க வேண்டியவர் மேலாளர்தான். ஆனால் பந்தைக் கண்டதும் அவருக்கே ஆட ஆசை வந்துவிட்டது.

விதிகள் இரண்டு பக்கத்தில் அச்சடித்து வந்தன. ஷிப்டு முடிந்ததும் ஆட வந்தவர்களை ஆலைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் உட்கார வைத்து, நான் தமிழில் சொன்னேன். "பந்தை எதிராளி கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போய்த் தரையில அழுத்தணும். அதுக்குப் பேரு ட்ரை. ஒரு ட்ரைக்கு அஞ்சு பாயின்ட்."

"ட்ரைன்னா இன்னா?" என்றார் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்காரர் ஒருவர்.

"முயற்சி."

பிறகு அவரே கேட்டார். "முயற்சிக்கேவா அஞ்சு பாயின்ட்டு? அப்போ செஞ்சி முட்ச்சா எவ்ளோ?"

அதற்கு அந்த இரண்டு பக்கத்தில் பதில் இல்லை.

அன்றைக்கு அண்ணன் வரவில்லை. ஒரு கன்டெய்னர் இறக்க வேண்டியிருந்தது. அண்ணன் என்றால் சரக்குத் தூக்கும் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர், முப்பது வயதைத் தாண்டியவர். சுற்று வட்டாரத்தில் பொங்கலுக்கு எங்கே கபடி நடந்தாலும் அவர் பாடிக்கொண்டு போவதைப் பார்க்க டெம்போ வைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பாடுவது என்பது பேச்சுக்குத்தான். அவர் வாயிலிருந்து சத்தமே வராது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால்தான் கபடி கபடி என்பது தெரியும் என்று நடுவர்கள் குறை சொல்வார்கள். அவர் எங்கள் ஸ்டோர்ஸ் அணியில் சேர்ந்தார். பந்தை வாங்கு, ஓடு என்று மட்டும் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தரையில் அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஸ்டோர்ஸும் பிரஸ் ஷாப்பும் மோதின. மேலாளர் பிரஸ் ஷாப் பக்கம் ஆடினார். அவரைப் பிடித்து இழுக்க எங்கள் ஆட்களுக்குக் கை வரவில்லை. அவர் மேல் மோதிவிட்டு "சாரி சார்" என்று எழுப்பிவிட்டார்கள். பதினேழாவது நிமிடத்தில் பந்து முதல் முறையாக அண்ணன் கைக்கு வந்தது. அவர் ஓடத் தொடங்கினார். ஒருவன் இடுப்பைப் பிடித்தான், இரண்டு பேர் தோளில் தொங்கினார்கள், மேலாளர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தார். அண்ணன் நிற்கவில்லை. கபடியில் ஏழு பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தவருக்கு இது பெரிய பாரம் இல்லை.

அதே நேரத்தில் மைதானத்தின் இன்னொரு மூலையில் ஓர் எருமை உள்ளே வந்தது. அந்த மனை அதற்கு முன் மேய்ச்சல் நிலமாக இருந்தது. நடுவன் என்ற முறையில் மைதானத்தைக் காலியாக வைத்திருப்பது என் பொறுப்பு என்று நினைத்தேன். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எருமையை விரட்டப் போனேன். அது நகரவில்லை. காதருகில் போய் விசிலை ஊதினேன்.

பின்னால் பெரிய கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். கோட்டைத் தாண்டி, அதற்கும் அப்பால் ஓடி, புதுக் கொட்டகை அஸ்திவாரத்துக்குத் தோண்டியிருந்த பள்ளத்துக்குள் விழுந்திருந்தார். பந்து அவர் வயிற்றுக்கு அடியில் தரையில் அழுந்திக் கிடந்தது. மேலாளர் பள்ளத்தின் விளிம்பில், கையில் கிழிந்த சட்டையின் முதுகுப் பக்கத்தோடு நின்றார். நான் எருமைக்கு ஊதிய விசிலும் அண்ணன் விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது. விசில் ட்ரைக்கு ஊதியது என்று நினைத்து ஸ்டோர்ஸ் ஆட்கள் அஞ்சு பாயின்ட் என்று குதித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மட்டும் அல்ல, அதற்குப் பிறகு மூன்று மாதம் சொல்லவில்லை.

ஆட்டம் அத்தோடு நின்றது. அண்ணனுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. இனி ஓடுகிற ஆட்டம் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. கடைக்காரருக்கும் அண்ணனுக்கும் ஒரே ஊர். அவருடைய கபடியைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறவர். முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன். ஒரு பப்பாளிப் பயத்த தூக்கிக்கினு ஓடி வாய்க்கைய கெட்த்துக்கினான்பா."

என் அறைத் தோழன், வெல்டிங்கில் இருந்த திருநெல்வேலிக்காரன், டீயை வைத்துவிட்டு எழுந்தான். "என்னண்ணாச்சி பேசுதிய? கபடி ஆட ஊருக்கு நூறு பேரு இருக்கான். இந்தியாவுல ரக்பி ஆடி, தோக்காம ரிட்டையர் ஆன ஆளு வேற யாராச்சும் உண்டா? சொல்லுங்க பாப்போம்."

"ஒரே மேட்ச்சி தானபா ஆடினான்!"

"ஒரு மேட்ச்சுலயும் தோக்கலையே."

கடைக்காரரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் சண்டை வளர்ந்தது. கொஞ்ச நாளில் கபடிக் கட்சி, ரக்பிக் கட்சி என்று இரண்டாகிவிட்டார்கள். பஸ்ஸில் கபடிக் கட்சி இடது பக்கம், ரக்பிக் கட்சி வலது பக்கம். ரக்பி பற்றி இரண்டு கட்சிக்கும் தெரிந்தது நான் படித்த இரண்டு பக்கம்தான். ஆனாலும் அது முயற்சியா, முயற்சி இல்லையா என்று மணிக்கணக்கில் பேசினார்கள். பள்ளத்துக்குள் தரை தரையாகுமா என்று ஒரு கேள்வி எழுந்தது. பள்ளத்தின் அடியில் இருப்பதும் தரைதான் என்றார் ஒருவர். அப்படியென்றால் கிணற்றுக்குள் விழுந்தால் என்றார் இன்னொருவர். அண்ணனும் சில நாள் வந்து, நீட்டிய காலோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

பெரிய ஆட்டக்காரர்கள் முறையாக அறிவித்து ஓய்வு பெறுவார்கள், அண்ணனுக்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்று என் தோழன் மேலாளருக்கு மனு எழுதினான். நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாராட்டு விழா என்று முடிவாயிற்று.

ஃப்ளெக்ஸ் அடித்தவர் ரக்பி படம் கேட்டு அலைந்து, யாரோ ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் உடம்பில் அண்ணனின் ரேஷன் கார்டு முகத்தை ஒட்டியிருந்தார். தொடை ஒவ்வொன்றும் அடுப்படி சிலிண்டர் அளவு. "கபடி வேங்கை" என்று போடுவதா "ரக்பி வேங்கை" என்று போடுவதா என்று இரண்டு கட்சியும் ஒத்துவராததால் "வேங்கை" என்று மட்டும் போட்டிருந்தார்கள். அண்ணன் மனைவியும் மகளும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா கால் இல்ல இது" என்றாள்.

மேலாளர் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். இவரைப் போல ஓர் இதயம் உள்ள ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை என்றார். கைதட்டல். பத்துப் பேரை இழுத்துக்கொண்டு ஓடினார், அதில் நானும் ஒருவன் என்றார். பெரிய கைதட்டல். அடுத்து, நேர்மையாளர் என்பதால், ஆனாலும் அது ட்ரை அல்ல என்றும் சொல்லிவிட்டார்.

என் மூளை அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. வாய் தானாகச் சொன்னது. "ஆனால் அவர் முயற்சி செய்யவில்லை என்கிறார்."

அண்ணன் மனைவி எழுந்தார்.

"முட்டி பேந்து கீது. நாப்பது நாளா நான் தூக்கி உக்கார வெச்சி சோறு போட்டுக்கினு கீறேன். முயற்சி பண்ணலையாமா? இதுக்கு மேல இன்னா முயற்சி பண்ணணும்? கேளு அந்த ஆள!"

"என்ன சொல்கிறார்?" என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன்.

மேலாளர் இரண்டு கையையும் கூப்பி அவரை வணங்கினார். அதில் அந்த அம்மாவுக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி என் பக்கம் திரும்பியது.

விழா முடிந்ததும் மேலாளர் என் தோளைத் தட்டி, "நான் எதிரணிக்காரன், என் கருத்துக்கு மதிப்பில்லை, ரக்பியில் நடுவர் சொல்வதே முடிவு, நீ என்ன தீர்ப்புச் சொன்னாய்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் இதை மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். அன்று முதல் எனக்கு நிம்மதி போயிற்று. கடைக்காரர் என் டீயில் மட்டும் ஏலக்காய் போட்டுக் கொடுத்து, "தம்பி, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு, அவன் கபடிக்காரனாவே இருந்துட்டுப் போட்டும்" என்பார். அறைக்கு வந்தால் தோழன் நான் கேட்காமலே என் யூனிபார்மைத் துவைத்துப் போட்டிருப்பான். "ஆமான்னு சொல்லுலே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டி, மகளுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கோடு தாண்டியும் ஏன் ஓடினீர்கள் என்று கேட்டேன்.

"நீ நிறுத்துவேன்னு ஓடினேன்பா" என்றார். "கபடில கோட்டத் தொட்டா முடிஞ்சிச்சி. இதுல கோட்டத் தாண்டியும் யாரும் ஒண்ணும் சொல்லல. திரும்பிப் பாத்தேன். நீ அங்க எருமைய தொரத்திக்கினு இருந்தே."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பென்சில் கூரைப் பார்த்துக்கொண்டே, "பள்ளத்த நீயா தோண்டின?" என்றார்.

"டீக்கடையில என்ன தீர்ப்புச் சொல்லட்டும்ணே?"

"எத்த சொன்னா பேச்சு சீக்கிரம் நிக்குமோ அத்த சொல்லு. டீ குடிக்க முடியல."

மறுநாள் பஸ் வருவதற்கு முன் கடையில் இரண்டு கட்சியும் இருக்கும்போது உண்மையைச் சொன்னேன். நான் பார்க்கவில்லை, அந்த விசில் எருமைக்கு ஊதியது, தீர்ப்பு என்று ஒன்று என்னிடம் இல்லை. கடைக்காரரின் கையில் டீ ஆற்றுகிற குவளை அப்படியே நின்றது. அவரும் என் தோழனும் மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எருமைக்கா ஊதின?" என்றார் கடைக்காரர்.

"வெளங்குமால இது?" என்றான் தோழன்.

அத்தோடு கட்சிகள் கலைந்தன. அண்ணன் கபடியிலும் ரக்பியிலும் மன்னன், அந்த மன்னனைக் கெடுத்தவன் நடுவன் என்று ஐந்து நிமிடத்தில் ஒருமித்த முடிவுக்கு வந்தார்கள். என் டீயிலிருந்து ஏலக்காய் போயிற்று. பஸ்ஸில் இடது பக்கமும் வலது பக்கமும் எனக்கு இடமில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்து போனேன். அடுத்த வருடம் மேலாளர் தன் ஊருக்குத் திரும்பிப் போனார். புது மேலாளர் விளையாட்டு விழாவில் கேரம் வைத்தார்.

அண்ணனால் ஃபோர்க்லிஃப்ட் ஏற முடியவில்லை. ஸ்டோர்ஸில் என் பக்கத்து மேஜையில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். வெளியே எங்களைப் பற்றி என்ன பேசினாலும் எங்களுக்குள் ரக்பி என்ற சொல் வந்ததில்லை. ஒரே ஒரு நாள், நான் ஊருக்கு அருகே வேறு வேலை கிடைத்து விலகப்போகிறேன் என்று சொன்ன அன்று, தயிர்சாதத்தைப் பிசைந்தபடி அவராகவே சொன்னார்.

"கபடில வெறுங்கையோட போறோம், வெறுங்கையோட திரும்பறோம். அன்னிக்கு கைல ஒண்ணு இருந்துச்சிபா. அத்த கட்டிப் புட்ச்சிக்கினு ஓட நல்லா இருந்துச்சி. கோட்டத் தாண்டினது எனக்கும் தெரியும். நிக்கத் தோணல."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"இத்த டீக்கடைல சொல்லிடாத" என்று சொல்லிவிட்டு, கெந்தியபடி டிபன் பாக்ஸ் கழுவப் போனார்.